இன்று எனக்குக் கிடைத்த புருஷன் வேலை

காலையில் சர்க்கரை மாத்திரை வாங்க அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் ஒரு பொண்ணு என்னை நிறுத்தியது. கல்வராயன் மலைக்கு மேலிருந்து வந்ததாம்.

"அண்ணா, என் புருசன்னு ஒரு கையெழுத்து போடுறியா?"

வழக்கம்போல வாயை விட்டேன். "நேத்தே சொல்லியிருந்தா தலைக்கு மை அடிச்சிக்கினு வந்திருப்பேனே!"

அது சிரிக்கவில்லை.

கைக்குழந்தை இன்னும் பால் மறக்கவில்லை, அதற்குள் வயிற்றில் அடுத்தது. கலைக்க வந்தால், புருஷன் கையெழுத்து இல்லாமல் ஆகாது என்று நர்ஸ் திருப்பிவிட்டார். புருஷன் குடகில் மிளகு பறிக்கப் போயிருக்கிறான், போன் போகவில்லை.

"பிரைவேட்டுக்குப் போவ வக்கில்லண்ணா. இங்க ஆவலன்னா மெடிக்கல்ல மாத்திரை வாங்கி முழுங்கிடுவேன்."

அப்படி முழுங்கி, ரத்தம் நிற்காமல் செத்தவளை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். கூடவே உள்ளே போனேன்.

"புருசன் வந்துட்டாரு" என்று பொண்ணு சொன்னதும் நர்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார். மாசாமாசம் பொண்டாட்டியோடு வருகிறவன் நான்.

"இன்னாண்ணே, இது எப்போ?"

பொய் வரவில்லை. பொண்ணு வாசல் பக்கம் திரும்பியது. கத்திவிட்டேன்: "இது புருசன் குடகுல இருக்கான். கையெழுத்துக்கு ஆள் தேடிக்கினு நிக்குது. வேற இன்னா பண்ணும், நீங்களே சொல்லுங்க!"

சத்தம் கேட்டு டாக்டரம்மா வெளியே வந்தார்.

"யாரு புருசனைக் கேட்டது? பதினெட்டு முடிஞ்ச பொண்ணு, அது கையெழுத்தே போதும். உள்ள வாம்மா."

இலவசம் என்று போர்டு வைக்கிறவர்கள் இதையும் கீழே எழுதி வைத்தால் என்னவாம்?

நான் இன்னொருத்திக்குப் புருஷனான சேதி எனக்கு முன்னாடியே வீட்டுக்குப் போய்விட்டது. பொண்டாட்டி வாசலில் நிற்கிறாள், நான் தெருமுனை டீக்கடையில். கல்யாணமானவர்கள் சீக்கிரம் ஒரு யோசனை சொல்லுங்கப்பா.