புல் பிடித்தால் பணம்

பல்லடத்துப் பாலுசாமி முதலாளி, தோட்ட மேஸ்திரி சந்தியாகுவுக்கு நூற்றிருபது ரூபாய் கடன்பட்டிருந்தார். கைமாற்று அல்ல, வட்டிக் கடனும் அல்ல. செய்து முடித்த வேலைக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைத்த பணம். அதிலும் பாதிக்கு மேல் சந்தியாகுவுக்கே சேராது. புல் நட்ட பெண்களின் கூலி அது. அந்தப் பெண்களைக் கூட்டி வந்த பழனாத்தாள் தினம் விடிந்ததும் சந்தியாகு வீட்டு வாசலுக்கு வருவாள், வேலியோரம் சற்று நேரம் குத்தவைத்திருப்பாள், எழுந்து போய்விடுவாள். ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். அவள் மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

அது முப்பத்தாறாம் வருஷம். பைக்காரா மின்சாரம் வந்த சூட்டில் கோயமுத்தூரைச் சுற்றி மில்லுக்கு மேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்த சமயம். பஞ்சு விற்றவர்கள் நூல் விற்றார்கள். நூல் விற்றவர்கள் பங்களா கட்டினார்கள். பங்களா கட்டியவர்களுக்கெல்லாம் ரேஸ்கோர்ஸ் துரைமார் வீட்டைப் போல முன்னால் ஒரு பச்சைப் புல்வெளி வேண்டியிருந்தது. அதைப் போடத் தெரிந்தவர்கள் ஜில்லாவிலேயே நாலைந்து பேர்தான். அவர்களில் முதல் ஆள் சந்தியாகு. இதை அவரே சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொண்டால் என்ன தப்பு? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, குன்னூர் மலைக்கு நடந்தே ஏறி, ஒரு துரையின் தோட்டத்தில் தண்ணீர்க் குடம் சுமந்து, ஏச்சும் பேச்சும் வாங்கித் தொழிலைப் பிடுங்கிக்கொண்டு இறங்கி வந்த மனுஷன். உட்கார வைத்து எவனும் சொல்லிக்கொடுக்கவில்லை. கண்ணால் திருடிய வித்தை அது.

தோட்டம் போடுவதை ஒரே தொழில் என்று நினைக்கிறவன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். செடிவேலியை மயிலாகவும் யானையாகவும் கத்தரிக்கிறவன் ஒருத்தன். சிமெண்டில் பாறை செய்து அதன் இடுக்கில் கள்ளி வைக்கிறவன் வேறொருத்தன். நீரூற்றுக்காரன் தனி. ரோஜா ஒட்டுக் கட்டுகிறவன் தனி. அவன் ரோஜாவைத் தவிர எதையும் தொடமாட்டான். இவர்களுக்கெல்லாம் முன்னால் வந்து வெறும் நிலத்தில் நின்று, வண்டி எங்கே திரும்பும், மாலை வெயில் எந்த ஜன்னலில் அடிக்கும், மழைத் தண்ணீர் எந்த வழியாக வெளியேறும் என்று முடிவு கட்டுகிறவன்தான் மேஸ்திரி. மற்றவர்கள் நகை போடுகிறவர்கள். உடம்பைச் செய்கிறவர் சந்தியாகு.

பாலுசாமி முதலாளி கோயமுத்தூரில் பங்களா கட்டிய இடம் அவிநாசி ரோட்டை விடத் தாழ்ந்த இடம். ரோட்டுத் தண்ணீரெல்லாம் நேரே வாசற்படிக்கு வரும். கட்டிட இஞ்சினீயர் ஒரு சாக்கடை தோண்டச் சொன்னார். சந்தியாகு கேட்கவில்லை. வாசலுக்கு முன்னால் சாக்கடை ஓடினால் அது பங்களாவா, சந்தைப்பேட்டையா? வீட்டுக்கு முன்னால் இருந்த மண்ணையெல்லாம் வெட்டி, கொட்டி, தட்டி, தாம்பாளத்தின் விளிம்பு மாதிரி மெல்லிய சரிவாக இழுத்து, நடுவில் ஓர் ஆழமில்லாத பள்ளத்தை வீட்டைச் சுற்றிக் கொல்லைப்புறம் வரை கொண்டுபோனார். அதன் மேல் அருகம்புல் நட்டார். பார்க்கிறவர் கண்ணுக்கு அது புல்வெளி. மழைக்கு அது வாய்க்கால். மண் கரையாமல் பிடித்துக்கொள்ள அருகை விட்டால் வேறு புல் கிடையாது.

நடவு நாளில் பழனாத்தாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். "ஏனுங் மேஸ்திரி, ஊருல அத்தன பேரும் கூலி குடுத்து அருகப் புடுங்கச் சொல்லுவாங்க. நீங்க கூலி குடுத்து நடச் சொல்றீங்களே, வெயிலு கியிலு தலைக்கு ஏறிப்போச்சுங்களா?"

"நடு அம்மணி. நாளைக்கு இதும்மேல துரைசானி நடப்பா."

"நடக்கட்டுமுங்க. என்ர மாமியாக்காரி பாத்தா என்னை நடக்க உடமாட்டா, தூக்கிப் போட்டு மிதிப்பா."

பேச்சு இதுதான்: மண் வேலைக்குப் பாதிப் பணம் முன்னால், புல் பிடித்து முதல் வெட்டு முடிந்ததும் மீதி. புல்தரைக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். சந்தியாகுவும் அப்படித்தான் பேசினார். புல் பிடித்தது. ஆவணியில் பார்க்க வேண்டுமே! பாய் விரித்த மாதிரி. முதல் வெட்டை அவரே இங்கிலீஷ் மெஷினைத் தள்ளி வெட்டினார். மறுவாரம் வந்து பணத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னார் முதலாளி.

அந்த வாரத்தில்தான் முதலாளியின் அப்பா காளிச்சாமி, புதுவீட்டுப் புண்ணியார்ச்சனைக்கு நாள் குறித்த கையோடு பல்லடத்திலிருந்து காங்கேயங் காளை பூட்டிய வண்டியில் வந்து இறங்கினார். இறங்கிய கால் புல்லில் பட்டது. குனிந்து ஒரு கொடியை இழுத்துப் பார்த்தார். அவ்வளவுதான்.

சந்தியாகு பணம் வாங்கப் போனபோது பத்துப் பன்னிரண்டு பண்ணையாட்கள் கடப்பாறையோடு வரிசையாக நின்று அவருடைய புல்வெளியை முழங்கால் ஆழத்துக்குப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். கரிசல் காட்டில் களை எடுக்கிற அதே வரிசை, அதே வேகம்.

"நிறுத்துங்கப்பா! ஆரு வெட்டச் சொன்னது?"

"நாந்தான்" என்றார் காளிச்சாமி. முகம் செக்கச் சிவந்திருந்தது. "நீதான் இந்த மேஸ்திரியா? காட்டுல அருகு உட்டவனுக்கு எங்க பக்கம் பொண்ணு குடுக்கமாட்டாங்க, தெரியுமா? சோம்பேறிப் பயங்கிற பேரு ஏழு ஊருக்குப் போயிரும். நீ என்ர மகன் ஊட்டு முன்னால காசு வாங்கி நட்டு வெச்சிருக்கற! ஒறம்பரை சாதிசனம் வந்து பாத்தாக் காறித் துப்பமாட்டாங்களா?"

"உங்க காட்டுல அது களைங்க. இங்க அதுதானுங்க பயிரு."

"பயிரா?" பெரியவர் உள்ளங்கையை விரித்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். கை மரப்பட்டை மாதிரி காய்த்திருந்தது. "இது அருகுக்குக் கடப்பாறை போட்டுக் காச்சுப்போன கை. என்ர அம்மா சித்திரை வெயில்ல அருகம்வேரு பொறுக்கிப் பொறுக்கி முதுகு நிமுராமயே செத்தா. என்ர கிட்ட வந்து அதப் பயிருங்கறயா நீ?"

அந்தக் கையைப் பார்த்ததும் சந்தியாகுவின் கோபம் சற்றுத் தணிந்தது உண்மை. ஆனால் பெயர்த்துப்போட்ட மண்ணைப் பார்த்ததும் மறுபடி கொதித்தது. "புல்லு போனாப் போகுதுங்க. அதுக்கடியில நான் இழுத்து வெச்ச சரிவு இருக்குதுங்க. அதக் கலைச்சுப்போட்டா மழைத்தண்ணி பூராவும் உங்க நடுக்கூடத்துக்குத்தான் வரும்."

"பல்லடத்துல மழையக் கனாவுலதாண்டா பாக்கறம். எனக்கு மழையக் காட்டிப் பயமுறுத்தறயா?" ஆட்கள் சிரித்தார்கள்.

சந்தியாகு, படியில் நின்றிருந்த முதலாளியைப் பார்த்தார். அப்பாவுக்கு எதிரே நிற்க முதுகெலும்பில்லாத மகன். ஆனால் காசு விஷயத்தில் மட்டும் அந்த முதுகெலும்பு நிமிர்ந்துகொண்டது. "ஏப்பா, புல்லு புடிச்சாத்தான மிச்சப் பணம்? நீதான அப்பிடிப் பேசுனே? எங்க புல்லு? காட்டு, இப்பவே எண்ணிக் குடுத்துப்போடறேன்."

இதைவிட ஒரு அறை கொடுத்திருக்கலாம். வெட்டியவனே "எங்கே" என்று கேட்கிறான்! சந்தியாகு தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டார். "காட்டறேனுங்க. நானா வந்து காட்டமாட்டேன். நீங்க கூப்புட்டாத்தான் வந்து காட்டுவேன்." சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். அப்படிச் சொல்ல என்ன தைரியம் இருந்தது என்று பிறகு யாராவது கேட்டால், "கோவந்தான்" என்பார்.

கோபம் கூலி கொடுக்காதே. தீபாவளி முடிந்ததும் ஓர் ஆஸ்பத்திரி வளாகத்தில் பெரிய வேலை அவருக்குக் காத்திருந்தது. மண் சுமக்கவும் புல் நடவும் பெண்கள் வேண்டும். சந்தியாகு கூலி தராத ஆள் என்று பேர் விழுந்துவிட்டால் ஒருத்தியும் கூடையைத் தொடமாட்டாள். அந்த வேலையும் போய்விடும், பேரும் போய்விடும். ஒரு காலையில் பொறுக்கமாட்டாமல் அவர் புல் வெட்டுகிற மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து பழனாத்தாள் முன்னால் நிறுத்தினார்.

"இத எடுத்துட்டுப் போ. வித்துக்க. நூறு ரூவா பெறும்."

"இத வெச்சு நான் என்ர தலமயிரையா வெட்டறது?" என்றாள் பழனாத்தாள். அன்றுதான் முதல்முறையாக வாயைத் திறந்தாள். "மேஸ்திரி, நீங்க குடுக்கலைன்னு நாங்க நெனைக்கலீங்க. ஆனா எங்கூட வந்தவளுக அடுப்பு உங்க நாயத்துல எரியாதுங்களே. தீவாளி நோம்பி வருது. அதுக்குள்ள காசு வரலீன்னா ஆஸ்பத்திரி வேலைக்கு வேற ஆளப் பாத்துக்குங்க."

ஐப்பசி பிறந்தது. முதலில் தூறல். பிறகு புண்ணியார்ச்சனைக்கு முதல் நாள் விடியற்காலையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. சந்தியாகு வாசலில் நின்று மழையைப் பார்த்து மீசையை முறுக்கினார். பழனாத்தாள் வந்ததும், அவளுடைய ஆட்களை மம்மட்டியோடு பங்களாவுக்கு எதிரே போய் நிற்கச் சொல்லி அனுப்பினார். பொழுது ஏறும் முன்னால் முதலாளியின் ஆஸ்டின் கார் சேறு தெறிக்க வந்து நின்றது. முதலாளியே இறங்கினார், வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"சந்தியாகு, கொஞ்சம் வாப்பா. கூடத்துக்குள்ள தண்ணி. நாளைக்கு முந்நூறு பேரு வாராங்க."

"பல்லடத்துல மழை கனாவுலதானுங்களே பெய்யும்?"

"இப்ப அதப் பேசற நேரமா? உனக்குப் புண்ணியமாப் போகும்."

"வாரேனுங்க. ஆனா நான் தனியா வரமாட்டேன்." வேலியோரம் கோணிச்சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு குத்தவைத்திருந்த பழனாத்தாளைப் பார்த்து, "ஏறு அம்மணி, கார்ல" என்றார். பழனாத்தாள் சேற்றுக் காலோடு பின்சீட்டில் ஏறி நடுவாக உட்கார்ந்தாள்.

பங்களாவில் வாழைமரம் கட்டியிருந்தது; அதன் அடியில் தண்ணீர் சுழித்தது. தோண்டிப்போட்ட குழிகளெல்லாம் நிரம்பி, ரோட்டுத் தண்ணீர் படியேறிக் கூடத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. சமையல்காரர்கள் அடுப்புக் கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். காளிச்சாமிப் பெரியவர் யாரையும் நம்பாமல் தாமே ஒரு வாளியை வைத்துத் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். சந்தியாகுவைக் கண்டதும் வாளியை வீசி எறிந்தார்.

"வந்துட்டயா சிரிக்கறதுக்கு?"

"சிரிக்க வரலீங்க. காட்ட வந்தேன்." சந்தியாகு படியோரமாகக் குனிந்து, நீருக்கு வெளியே நின்ற மண்மேட்டைச் சுட்டினார். வெட்டிச் சிதறிய ஒவ்வொரு துண்டு வேரிலிருந்தும் ஊசி மாதிரி பச்சை கிளம்பியிருந்தது. மேட்டில், பாதையில், பூச்சட்டி இடுக்கில், எங்கும். "சித்திரையில வெட்டிக் காயப் போட்டிருந்தாச் செத்திருக்குமுங்க. அது உங்களுக்குத் தெரியாததா? கோவத்துல புரட்டாசியில வெட்டிப்போட்டீங்க. நான் நட்டது ஒரு பங்கு. நீங்க நட்டது ஒம்பது பங்கு. புல்லு புடிச்சிருச்சுங்க முதலாளி. காசு?"

"அட, மொதல்ல தண்ணிய வெளியேத்துப்பா!" என்று முதலாளி கத்தினார்.

"மொதல்ல காசுங்க. பொம்பளைங்க பத்துப் பேரு ரோட்டுக்கு அக்கட்டால மம்மட்டியோட நிக்கறாங்க. இவ கைய ஆட்டுனா வந்து பழைய சரிவ வெட்டி உடுவாங்க. ஆட்டலீன்னா நாளைக்கு ஒறம்பரையெல்லாம் பரிசல்லதான் வரோணும்."

முதலாளி சட்டைப் பையில் கைவிட்டார். "நீங்க இல்லீங்க" என்றார் சந்தியாகு. "வெட்டச் சொன்னவர் குடுக்கட்டும். என்ர கையில வேண்டாம். இவ கையில. பூராவும். என்ர பங்க நான் இவகிட்ட வாங்கிக்கறேன்."

பெரியவர் ஓரடி முன்னால் வந்தார். அடிக்கத்தான் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் அந்தப் பச்சை முனைகளை ஒருமுறை பார்த்தார். பிறகு இடுப்பில் கட்டியிருந்த பணப்பையை அவிழ்த்தார்.

"என்ர சென்மத்துல அருகுக்குக் காசு குடுத்ததில்ல."

"இது அருகுக்கு இல்லீங்க பண்ணாடி" என்றாள் பழனாத்தாள். "முதுகுக்கு."

அவள் சேறு படிந்த கையைத் தலையில் போட்டிருந்த சாக்கில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். பெரியவர் வெள்ளி ரூபாய்களை ஒவ்வொன்றாக எடுத்து, வாய்விட்டு எண்ணி, அவள் உள்ளங்கையில் வைத்தார். கை நிறைந்ததும் அவள் மடியில் கொட்டிக்கொண்டு மறுபடி விரித்தாள். மறுபடி நிறைந்தது, மறுபடி விரித்தாள். தண்ணீர் எல்லோருடைய கணுக்காலையும் தாண்டியது, யாரும் நகரவில்லை. கடைசி ரூபாய் அவள் கையில் விழும் வரை அந்த விரல்கள் மடங்கவில்லை.