ஒரே ஒரு பாதாம்

போன வாரம் முழுக்க எங்கள் அபார்ட்மெண்ட் படிக்கட்டில் வெண்ணெய் வாசனை. மூன்றாவது மாடியில் கிர்ஸ்டன் கிறிஸ்துமஸுக்கு பிஸ்கட் சுட்டுக்கொண்டிருந்தார்.

டென்மார்க்காரர். ஒரகடத்தில் ஒரு ஃபேக்டரிக்கு டிரெயினிங் கொடுக்க வந்தவர். எங்கள் இருவர் வீட்டிலும் சமைப்பது பக்கத்து ஊர் சேரப்பணஞ்சேரி செல்விதான்.

பிஸ்கட் எல்லாம் சும்மா… அவர்கள் ஊர் கிறிஸ்துமஸுக்கு உயிரே ஒரு பால்சாதமாம். அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, ஆறியதும் க்ரீமும் நறுக்கிய பாதாமும் கலந்து, மேலே செர்ரி சாஸ். அதில் ஒரே ஒரு முழுப் பாதாமை ஒளித்துவைப்பார்கள். கிடைத்தவர் மூச்சு விடக் கூடாது. எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை கன்னத்தில் அடக்கிக்கொண்டு அப்பாவிபோல உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசியில் காட்டினால் பரிசு — பாதாம் விழுதில் செய்த குட்டிப் பன்றி!

"என் கணவர் பெரிய ஃபிராடு. கிடைக்காவிட்டாலும் கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு ஏமாற்றுவார்" என்று சிரித்தார் கிர்ஸ்டன். சிரிப்பு பாதியில் நின்றது. அவர் இறந்தபிறகு இதைச் செய்யவே மனசு வரவில்லையாம். இந்த வருடம்தான் மறுபடி. வீட்டில் நடந்த மாதிரியே நடக்க வேண்டுமே என்று ஒரே கவலை.

எனக்குத் தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஞாபகம் வந்துவிட்டது. பாயச முந்திரிக்கு நானும் அண்ணனும் போடாத சண்டையா? அப்பா தன் டம்ளரில் இருப்பதைப் பொறுக்கி எங்கள் டம்ளரில் போடுவார். அப்பாவுக்கு முந்திரி பிடிக்காது என்றே ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்!

கிறிஸ்துமஸ் அன்று, கிர்ஸ்டனிடம் வேலை பழகும் திருநெல்வேலிப் பிள்ளைகள் ஹாஸ்டலிலிருந்து அவர் வீட்டுக்கு வந்தார்கள்; நானும் போயிருந்தேன். பாதாம் யாருக்குப் போகிறது என்று தனக்கே தெரியக் கூடாதென்று, பாதாமை ஒளித்துக் கிண்ணங்களில் ஊற்றும் வேலையைச் செல்வியிடம் விட்டிருந்தார் கிர்ஸ்டன்.

"பாயசத்த யாராச்சும் ஜில்லுனு துன்னுவாங்களா?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுத்தார் செல்வி.

இரண்டாவது ஸ்பூனிலேயே எனக்கு முழுப் பாதாம்! கன்னத்தில் அடக்கினேன். எதிரே எல்லா முகங்களும் அப்பாவியாக இருந்தன. கிர்ஸ்டன் கண்கலங்கி உட்கார்ந்திருந்தார்.

கடைசியில், ஒரு கையை மூடியபடி, "யாரிடம்?" என்றார். நான் கை தூக்கினேன்.

"மேடம், எனக்குல்லா கெடச்சிருக்கு!" என்றான் ஒரு பையன்.

"ஏல, எனக்குந்தாம்ல!" என்றாள் பக்கத்துப் பெண்.

அத்தனை பேரும் கை தூக்கினார்கள். கிர்ஸ்டன் முகம் வாடிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒண்ணுதான் போடணும்னு சொன்னாங்கல்ல செல்வி?"

"சொன்னாங்கோ. ஒண்ணே ஒண்ணு போட்டா, கெடைக்காத புள்ளைங்க மனசு இன்னாம்மா ஆவும்? ஊர வுட்டு வந்ததுங்க. அதான் எல்லாருக்கும் போட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "அவங்களுக்கு மட்டும் ரெண்டு. ஒண்ணு அவங்க வூட்டுக்காரர் பங்கு."

அதை ஆங்கிலத்தில் சொன்னேன். கிர்ஸ்டன் மெதுவாக உள்ளங்கையை விரித்தார். இரண்டு பாதாம். அழுதுகொண்டே எழுந்து போய்ச் செல்வியைக் கட்டிக்கொண்டார்.

பரிசுப் பன்றி யாருக்கு என்கிறீர்களா? அதை யார் நினைத்தார்கள்… மறுநாள் பார்த்தால், எறும்புகள் ஜெயித்திருந்தன!