அப்பா சொன்ன ‘மதி’

இன்று நெய்யாற்றின்கரை பஸ்ஸில் ஷீபா சிஸ்டரைப் பார்த்தேன். அப்பாவுக்குப் புண் கட்ட வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பாலியேட்டிவ் நர்ஸ், தீராத நோயில் கிடப்பவர்களை வீடு தேடி வந்து பார்ப்பவர். தனுவச்சபுரத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அப்பா எங்க வச்சு மரிச்சாரு?”

“ஆஸ்பத்திரியில வச்சாக்கும். எட்டு நாளு ஐசியூல கெடந்தாரு.”

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார்.

“இனி என்ன வேணும்னு ஒரு நாளு அப்பாட்ட கேட்டேன். ‘ஆஸ்பத்திரி மதி சிஸ்டரே, வீட்டில கெடந்தா போரும்’னாரு. பிள்ளைகள்ட்ட சொல்லுங்கன்னேன். சொல்லலியா மக்கா?”

சொன்னார். கடைசி மாதம் முழுக்க அதைத்தான் சொன்னார், ஆனால் ஒற்றைச் சொல்லாக. “மதி மக்கா, மதி.”

எங்கள் பக்கம் ‘போதும், இனி வேண்டாம்’ என்பதற்கு அந்த மலையாளச் சொல்தான். கஞ்சி கொடுக்கும்போது சொன்னார், கிண்ணத்தை எடுத்துவிட்டேன். மாத்திரை கொடுக்கும்போது சொன்னார், தண்ணீர் போதும் என்கிறாரோ என்று நினைத்தேன்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்போதும் சொன்னார்.

நான் நீட்டிய தண்ணீர்ப் பாட்டிலை மூடி வைத்தேன்.

மலையாளமும் தமிழும் ஒன்றுபோல் பேசுவோம் என்று பீற்றிக்கொள்கிற வீடு எங்களுடையது. “என்ன மதி அப்பா?” என்று கேட்க இரண்டிலும் எங்களுக்கு வாய் வரவில்லை.

உங்கள் வீட்டிலாவது யாரும் அப்படிக் கேட்டதுண்டா?