இரண்டு பாட்டுக்கு நடுவில்

சந்தேகம் வந்தால் கீழே போடு. பழைய இசைத்தட்டு வாங்கி விற்பதில் அருள்ஜோசப்புக்கு இருந்த விதி அது ஒன்றுதான். ஒரு தட்டு இந்தத் தரமா, அந்தத் தரமா என்று மனம் இரண்டுபட்டால், இரண்டில் கீழே இருப்பதை ஸ்டிக்கரில் எழுதி உறைமேல் ஒட்டிவிடுவார். வாங்கினவன் வீட்டில் போட்டுக் கேட்டு, பரவாயில்லையே என்று சந்தோஷப்பட வேண்டும். ஒருநாளும் முகம் சுருங்கக் கூடாது என்பார்.

அந்த வியாபாரத்தில் தரத்துக்கு உள்ள பெயர்கள் எல்லாமே கொஞ்சம் புளுகு. ‘குட்’ என்றால் நல்லது என்று அர்த்தம் இல்லை. ஏதோ பாடும், கூடவே கீறலும் பாடும், அவ்வளவுதான். ‘வெரி குட்’ என்றால் சுமார். ‘வெரி குட் ப்ளஸ்’ என்றால்தான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அதற்கு மேலே உள்ளதை அருள்ஜோசப் எழுதியதே இல்லை. உறையிலிருந்து எடுக்கும்போதே தட்டு பழசாகிவிடுகிறது என்பது அவர் கட்சி. மனைவி ஜெபசீலி வைக்கும் மீன்குழம்புக்கும் இதே தரம்தான். ஒருமுறை வாய்தவறி ‘குட்’ என்று சொல்லிவிட்டு, அடுத்த இரண்டு வேளையும் வெறும் ரசம் சாப்பிட்டார்.

ஒரே மகள் வின்சி. ஓசூரில் கியர் செய்யும் கம்பெனி ஒன்றில் சத்தம் சோதிக்கும் பிரிவில் இன்ஜினியர். ஓடுகிற கியர்பெட்டிக்குப் பக்கத்தில் மைக் வைத்து, எந்தப் பல் சரியில்லை என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. தானும் மகளும் செய்வது ஒரே வேலை என்று அருள்ஜோசப் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வார். வின்சி அதை மறுத்ததும் இல்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை.

அவர் கெலமங்கலத்துக்காரர். ஓசூரில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கிய காலத்தில் பிரஸ் ஷாப் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். இரும்புத் தகட்டை ஒரே அடியில் வெட்டி வளைக்கிற இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் கூடம். பக்கத்தில் நிற்பவனிடம் கையால்தான் பேச முடியும். ஆரம்பத்தில் காதுக்கென்று யாரும் எதுவும் கொடுக்கவில்லை. பஞ்சைச் சுருட்டி வைத்துக்கொள்வார்கள். வேர்வையில் நனைந்ததும் அதையும் எடுத்து எறிந்துவிடுவார்கள்.

ஊரில் ஒரு மைக் செட்காரர் கேசட்டுக்கு மாறியபோது கழித்துப் போட்ட தட்டுகளைக் கட்டாக வாங்கி வந்ததுதான் தொடக்கம். கேட்பதற்கென்றுதான் வாங்கினார். பின்னால் பெங்களூரில் ஐ.டி. பிள்ளைகள் மறுபடியும் தட்டுத் தேட ஆரம்பித்தபோது, ஞாயிறு பூசை முடிந்த கையோடு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும் பழக்கம் வந்தது. தளி, ஜவளகிரி, எல்லை தாண்டி ஆனேக்கல். தமிழோ கன்னடமோ தெலுங்கோ, எது பாடினாலும் தட்டு தட்டுதான்.

அவர் தட்டைப் பார்ப்பதே ஒரு பரிசோதனை மாதிரி இருக்கும். முதலில் டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடிப்பார், மயிர்க்கீறல் தெரியும். கீறல்மேல் நகத்தை மெல்ல ஓட்டுவார். நகம் தடுக்கினால் ஊசியும் தடுக்கும். கடைசியில்தான் பிளேயரில் வைப்பார். அப்போதும் பாட்டைக் கேட்கமாட்டார். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் ஒரு சின்ன இடைவெளி வரும். ஊசியை அங்கே இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். தூசியும் தேய்மானமும் இருந்தால் அங்கேதான் படபடவென்று பொரியும்.

தளியில் சரோஜம்மாள் என்று ஒரு தோட்டக்காரம்மா. அவர் கொண்டுவந்து வைத்த தட்டுகள் கண்ணாடி மாதிரிப் பளபளத்தன. அருள்ஜோசப் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். தேங்காய் எண்ணெய். வருஷாவருஷம் ஆயுதபூஜைக்குத் தையல் மெஷினோடு சேர்த்துத் தட்டுகளையும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறார் அந்த அம்மா.

“எண்ணெ தேச்சீங்க சரிங்கம்மா. இதுக்கு முடி எங்க இருக்குது?” என்றார் அருள்ஜோசப்.

சரோஜம்மாள் சளைக்கவில்லை. “உங்க தலையிலயும்தான் இல்ல. நீங்க தேய்க்கறதில்லையா?”

அந்தத் தட்டுகளை வாங்கி, சோப்புத் தண்ணீரில் கழுவி, காய வைத்து, ‘குட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டினார். வாங்க வந்த பெங்களூர் பிரதாப்புக்கு ஆச்சரியம். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. எண்ணெய்க் கதையை அருள்ஜோசப் தானாகவே சொன்னார்.

“பாட்டு எதையும் மறைச்சுடுமுங்க. நடுவுல சும்மா ஓடுது பாருங்க, அங்கதான் பிளேட்டு உண்மையச் சொல்லும்.”

பிரதாப்புக்குத் தாய்மொழி கன்னடம். பெங்களூரில் சின்னதாக இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். தமிழைக் கடைக்கு வருபவர்களிடம் கற்றுக்கொண்டவர். அன்றைக்குப் பிறகு அவர் அருள்ஜோசப்பின் தட்டு எதையும் போட்டுக் கேட்டு வாங்கியதில்லை. ஸ்டிக்கரைப் பார்ப்பார், பையில் வைப்பார். பல வருஷம் இப்படியே நடந்தது.

சில வருஷங்களுக்கு முன்னால் பிரதாப் ஒரு தட்டைத் திருப்பிக் கொண்டுவந்தார். ‘வெரி குட் ப்ளஸ்’ என்று ஒட்டியிருந்தது. இடைவெளியில் பொரிகிறது என்று வாங்கினவர் சொல்லிவிட்டாராம். அருள்ஜோசப் அவர் முன்னாலேயே போட்டுக் கேட்டார். சுத்தமாக இருக்கிறது என்றார். பிரதாப் தலையைச் சொறிந்துகொண்டு போனார். பின்னாலேயே இன்னொரு தட்டு வந்தது, அப்புறம் மூன்றாவது. அருள்ஜோசப் புது ஊசி வாங்கி மாட்டினார். ஆம்பிளிஃபயரைப் பிரித்துத் துடைத்தார். கரண்ட்டைக் குறை சொன்னார். கடைசியில் பிரதாப்பையே சொன்னார்: நல்ல தட்டை எடுத்துக்கொண்டு தேய்ந்ததை உறையில் மாற்றி வைக்கிறான். அந்தத் தட்டுகளைத் திரும்ப வாங்கவும் மறுத்துவிட்டார்.

அப்பா அப்படித் தொங்கிய முகத்தோடு உட்கார்ந்து வின்சி பார்த்ததில்லை. பிரதாப்புக்கு அவளே போன் செய்தாள். அப்பாவுக்கு ஊசி விழுந்தாலும் கேட்கும், அவர் காதைச் சந்தேகப்பட உங்களுக்கு என்ன யோக்கியதை என்று கேட்டாள். தான் சத்தம் சோதிக்கிற இன்ஜினியர் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். பிரதாப் “சரி சிஸ்டர்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அதோடு வரவும் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு ஒருநாள் சாயங்காலம் அருள்ஜோசப் மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கம்பிரஸர் ஓடிக்கொண்டிருந்தது.

“உங்க கம்பெனியில சத்தமே இல்லாத ரூம் ஒண்ணு இருக்குதுன்னியே பாப்பா. அதுல என்னையக் கொஞ்ச நேரம் உக்கார வெக்க முடியுமா?”

“வெளியாளுங்கள விடமாட்டாங்கப்பா. பாஸ் வாங்கணும், மேனேஜர் கையெழுத்துப் போடணும்.”

“சரி சரி. சும்மாதான் கேட்டேன்.”

அவள் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அப்புறம் காலிங் பெல்லை மாற்றச் சொன்னார். குருவி கத்துகிற பெல் பிடிக்கவில்லை, பழையபடி ‘டர்ர்’ என்று அடிக்கிறது வேண்டும் என்றார். வயசானால் வரும் பிடிவாதம் என்று வின்சி சிரித்துக்கொண்டே ஸ்குரூ டிரைவரை எடுத்து மாட்டிக் கொடுத்தாள்.

இந்த பிப்ரவரியில் ஒரு காலை, காபி ஆறுவதற்குள் போய்விட்டார். மாரடைப்பு.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஜெபசீலி அலமாரியைக் காட்டினார். தட்டுகள் கேட்கிறவர் வீட்டுக்குப் போகவேண்டும், சும்மா அடைந்து கிடக்கக் கூடாது, பிரதாப்பைக் கூப்பிடு என்றார். வின்சி வேறு ஆள் பார்க்கலாம் என்றாள்.

“திட்டுனது நீதான? நீயே கூப்புடு,” என்றார் ஜெபசீலி.

பிரதாப் அடுத்த ஞாயிறே வந்தார். அருள்ஜோசப்பின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். தோளில் ஒரு துணிப்பை. அதில் ஒரே ஒரு தட்டு. முதலில் திருப்பிக் கொண்டுவந்த அதே தட்டு. அப்பா பொய்க்காரர் என்று அவர் வீட்டிலேயே நிரூபிக்க வந்திருக்கிறார் என்று வின்சிக்குத் தோன்றியது. தட்டெல்லாம் விற்றாலும் சரி, விற்காவிட்டாலும் சரி. இந்த மனிதர் வாசலைத் தாண்டிப் போகும்போது அப்பாவின் பெயர் விழாமல் இருந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

பிரதாப் அலமாரியின் மேல் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். பழையவற்றில் ஸ்டிக்கரும் தட்டும் ஒத்துப்போயின. கீழ் அடுக்குக்கு வந்ததும் கை நின்றது. சண்டைக்குப் பிறகு வாங்கியவை அவை. எல்லாவற்றிலும் ‘குட்’. ஒன்றுகூட விடாமல், ‘குட்’. ஒரு தட்டைப் பார்த்தால் யாரும் ஊசியே வைத்த மாதிரி இல்லை. அதற்கும் ‘குட்’. பிரதாப் அதை பிளேயரில் வைத்து இடைவெளியில் ஊசியை இறக்கினார். சத்தமே இல்லை.

“என்ன சிஸ்டர் இது? என் மேல இருக்கிற கோபத்துல எல்லாத்துக்கும் குட் போட்டுட்டாரா?”

ஜெபசீலிதான் வாசற்படியில் நின்றபடி சொன்னார்: “கோவமெல்லாம் இல்லப்பா. சந்தேகம் வந்தா கீழ போடுவாரு.”

“எல்லாத்துலயுமா அம்மா சந்தேகம் வரும்?”

பிரதாப் துணிப்பையிலிருந்து அந்தத் தட்டை எடுத்தார். சண்டைக்கு இல்லை என்றார். வின்சி சவுண்ட் படித்தவள், ஒரு தடவை கேட்டு, தான் சொன்னது பொய்யா என்று மட்டும் சொன்னால் போதும் என்றார்.

பாட்டு முடிந்து இடைவெளி வந்தது. எண்ணெயில் கடுகு போட்ட மாதிரிப் பொரிந்தது.

வின்சி ஊசியைத் தூக்கி மறுபடி அதே இடத்தில் வைத்தாள். மறுபடியும் வைத்தாள். வேலையில் செய்வதுபோல், எவ்வளவு சத்தம் என்று கேட்பதை விட்டுவிட்டு, சத்தம் எந்த ஸ்தாயியில் இருக்கிறது என்று கவனித்தாள். அத்தனையும் மேலே இருந்தது. கூர்மையான, மெல்லிய, மேல்சத்தம்.

கம்பெனியில் புதிதாகச் சேர்பவர்களுக்குக் காதடைப்பான் வகுப்பு எடுப்பது அவள்தான். பிரஸ் ஷாப்பில் வேலை செய்தவரின் செவித்திறன் வரைபடம் ஒன்றைத் திரையில் காட்டுவாள். கோடு நேராக வந்து, மேல்சத்தத்துக்கு வந்ததும் கிணறு மாதிரி இறங்கும். இவருக்குப் பேச்சு கேட்கும், லாரி கேட்கும், பாட்டு கேட்கும். குருவி கேட்காது என்று சொல்வாள். பயப்படுத்துவதற்காகவே அந்தக் குருவியைச் சொல்வாள். எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள்.

பெல்லை மாட்டிக் கொடுத்ததும் அவள் கைதான்.

அப்பா கம்பெனியின் அந்த அறையைச் சும்மா பார்க்க ஆசைப்படவில்லை. தட்டு பொரிகிறதா, தன் காதில் குறையா என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஒரு சத்தமில்லாத இடம் வேண்டியிருந்தது. ஓசூரில் அப்படி இருந்தது மகளிடம் மட்டும்தான். ஒரு பாஸ், ஒரு கையெழுத்து. அது கிடைக்காதபோது அவரே முடிவு செய்துகொண்டார். வாங்குவதை நிறுத்த மனமில்லை. ஆனால் இனித் தன்னை நம்ப வழியில்லை. எனவே எல்லாவற்றையும் கீழே போட்டார்.

“அப்பா பொய் சொல்லல சார்,” என்றாள் வின்சி. “அவருக்கு இது கேக்கல.”

“ஹௌதா?” என்றார் பிரதாப், அப்படியா என்பதைக் கன்னடத்தில். “என்கிட்ட சொல்லியிருந்தா நான் கேட்டுச் சொல்லியிருப்பேனே சிஸ்டர். அவர் பாக்கட்டும், நான் கேக்கறேன்னு பிரிச்சிருக்கலாம். என்ன இருக்கு அதுல?”

வின்சி ஆம்பிளிஃபயருக்குப் பக்கத்தில் குனிந்தாள். அப்பா எப்போதோ வாங்கி வைத்த ஈக்வலைசர் ஒன்று அங்கே இருந்தது. கீழ்ச்சத்தத்துக்கும் மேல்சத்தத்துக்கும் தனித்தனிக் குமிழ்கள். இடது பக்கத்துக் கீழ்ச்சத்தக் குமிழ்களை அப்படியே விட்டாள். வகுப்பில் காட்டும் கோட்டை மனதில் வைத்துக்கொண்டு, வலது பக்கத்து மேல்சத்தக் குமிழ்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். ஊசியை எடுத்துப் பாட்டின் கடைசியில் வைத்தாள்.

பாடகியின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மெத்தென்று வந்தது. வயலின் தூரத்தில் கேட்டது. பாட்டு முடிந்தது. இடைவெளியில் பொரியும் சத்தம் இல்லை. ஒன்றும் இல்லை.

பிரதாப் அருள்ஜோசப் மாதிரியே கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

“வெரி குட் ப்ளஸ்,” என்றார். “நானா இருந்தாலும் அதத்தான் எழுதியிருப்பேன்.”

ஜெபசீலி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கீழ் அடுக்கில் இருக்கிற தட்டுகளின் ஸ்டிக்கர்களைப் பிய்த்துச் சரியாக எழுதி ஒட்டிவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் பிரதாப். வாங்கிக்கொண்டு போகிறவர்கள் வீட்டில் போட்டுக் கேட்டுச் சந்தோஷப்படட்டும்.

அடுத்த பாட்டு தொடங்கியது. ஜெபசீலி பிளேயருக்குக் கிட்டே வந்து தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“இப்படியாடி கேட்டுச்சு அவருக்கு எல்லாம்?”

“ஆமாம்மா.”

“அப்ப நான் பேசுனதெல்லாம்?”

வின்சிக்கு அதற்குப் பதில் தெரியும். மேல்சத்தம் போனவருக்குப் பேச்சில் எந்த எழுத்து கேட்கும், எது கேட்காமல் போகும் என்று வகுப்பில் பலகையில் வரைந்தே காட்டுவாள். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். குமிழ்களை மேலே ஏற்றவில்லை.