கை நனைத்தவர்கள்

பக்கத்து வீட்டுக்காரர் இருவரும் என் மகளைப் பெண் கேட்டு வந்தபோது, அவர்கள் இறந்து மூன்று வருடங்களாகியிருந்தன. பெண் கேட்டுத்தான் வந்தார்கள் என்பது எனக்கு உடனே விளங்கவில்லை. சாப்பிட வந்தார்கள் என்றுதான் நினைத்தேன்.

அன்று என் கணவரின் திவசம். படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, அவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்து, சாம்பிராணி காட்டி, அறைக் கதவைச் சாத்திவிட்டு நானும் மகளும் வெளியே நின்றோம். இறந்தவர் வந்து ஆறுதலாகச் சாப்பிட வேண்டும், பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பது வழக்கம். நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பவள். கதவைச் சாத்தும்போது எதையும் எதிர்பார்ப்பதில்லை. அது ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தின் பின் கதவைத் திறந்தேன். இலைக்கு முன்னால் பக்கத்து வீட்டு அண்ணையும் அக்காவும் சப்பாணி கட்டி இருந்தார்கள். அண்ணையின் கையில் வடை இருந்தது.

எனக்கு முதலில் வந்த எண்ணம், பாயசத்துக்குச் சர்க்கரை போதாதே என்பது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. இதை எழுதும்போதும் அது முழுதாகப் போய்விடவில்லை.

மகள் எனக்குப் பின்னால் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். அவளும் கண்டாள். அக்கா எழுந்து வந்து அந்தச் செம்புத் தண்ணீரில் கையை அலம்பினார்.

"கை நனைச்சிட்டம், தங்கச்சி. இனி நீங்கள்தான் சொல்ல வேணும்."

சம்பந்தம் முற்றாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சாப்பிடமாட்டார்கள். தேத்தண்ணீர் குடிப்பார்கள். சோற்றில் கை வைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நான் என் கணவருக்கென்று இலை போட்டு, கதவையும் சாத்திக்கொடுத்து, ஒரு கலியாணத்தைப் பேசி முடித்திருந்தேன்.

அவர்கள் போன பிறகு பார்த்தால் வடை இலையில் அப்படியே இருந்தது. மகள் கடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. குசினியில் மிஞ்சியிருந்த வடைகள் நன்றாகவே இருந்தன.

அவர்களுடைய ஒரே மகன் வேலிக்கு அந்தப் பக்கம் தனியே இருக்கிறான். தண்ணீர்ப் பம்ப் திருத்துபவன். சுன்னாகம் பக்கமிருந்துகூடத் தோட்டக்காரர் பம்பைக் கொண்டுவந்து அவன் படலையடியில் வைத்துவிட்டுப் போவார்கள். திருத்தியதும் அவன் அதே இடத்தில் வைப்பான். கதைபேச்சு கிடையாது. படலையில் ஒரு பலகை தொங்கும்: "நாய் இல்லை. இருந்தாலும் உள்ளே வர வேண்டாம்." கலியாண வீடு, செத்த வீடு எதற்கும் போகமாட்டான். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவேலியில் ஆள் நுழையக்கூடிய ஒரு பொட்டு இருந்தது. கறிவேப்பிலைக்கும் கதைக்குமாக அக்கா குனிந்து வந்துபோன வழி. தாயின் அந்தியேட்டிச் சடங்கை முடித்துக் கீரிமலையிலிருந்து திரும்பிய அன்றே அவன் அதைத் தகரம் வைத்து அடைத்துவிட்டான்.

அடுத்த நாள் பின்னேரமும் இருவரும் வந்தார்கள். தகரத்தினூடாகவே வந்தார்கள். அப்படி வரத் தெரிந்த அக்கா, பழைய பழக்கத்தில் குனிந்தே வந்தார். விறாந்தைக் கதிரைகளில் இருந்தார்கள். இரவில் ஏன் வருவதில்லை என்று கேட்டேன். முன்வீட்டு நாய் குலைக்குமாம்.

சொந்த மகனிடம் போகாமல் ஏன் என்னிடம் வருகிறார்கள் என்றும் கேட்டேன். அண்ணைதான் விளக்கினார். உயிரோடு இருந்தபோது கலியாணம், கலியாணம் என்று இருவருமாக அவனை அரித்தெடுத்திருக்கிறார்கள். செத்த பிறகும் இந்தக் கதையோடு தன்னிடம் வரக்கூடாது என்று அவன் ஒருநாள் சொல்லிவிட்டானாம்.

"சொன்னால் சொன்னதுதானே," என்றார் அண்ணை.

எனக்குக் கேட்க வேறொன்று இருந்தது. இலை போட்டது வேறொருவருக்கு.

"எங்கடை ஆள் ஏன் வரேல்லை?"

அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "அவருக்கு ஒரு யோசனையும் இல்லை, தங்கச்சி. பிள்ளையை நீங்கள் பாப்பியள் எண்டு போயிட்டார்."

உயிரோடும் அவர் அப்படித்தான். மகளுக்குக் காய்ச்சல் என்றால் நான் விழித்திருப்பேன், அவர் குறட்டை விடுவார்.

ஆகவே பதிலை நான் தனியே சொல்ல வேண்டியிருந்தது. மகள் மிருக வைத்தியர். முப்பது தாண்டிவிட்டது. வந்த சம்பந்தங்களையெல்லாம் தட்டிக்கழித்தவள். எனக்கு இரண்டு பயங்கள். அவள் கடைசிவரை தனியே இருந்துவிடுவாள் என்பது ஒன்று. யாரோ ஒருவனிடம் போய் அகப்பட்டுக்கொள்வாள் என்பது மற்றது. பக்கத்து வீட்டுக்காரன் இரண்டுக்கும் பொருந்தினான்.

"அம்மா, ஒரு வடைக்காக என்னைக் குடுக்கேலாது," என்று சொல்லிவிட்டு மகள் நேரே வேலிக்குப் போய்த் தகரத்தில் தட்டினாள்.

என்ன நடந்தது என்பதைப் பிறகு சொன்னாள். அவர்கள் வந்துபோவதை இவள் சொன்னதும், தாய் தகப்பன் இருவரையும் கீரிமலைக் கடலில் தன் கையால் கரைத்தவன் தான், அங்கிருந்து இங்கே புத்தூருக்கு எப்படி வருவார்கள் என்று அவன் கேட்டானாம். பஸ்ஸில்தான் என்றாளாம் இவள். பிறகு, அம்மாவுக்கு இப்போது முழங்கால் நோ எப்படி என்று கேட்டானாம்.

அதிலிருந்து வேலை முடிந்து வந்ததும் மகள் தகரத்தடியில் நின்றாள். அவன் கேட்பதை விறாந்தைக்குக் கொண்டுவந்து, விறாந்தை சொல்வதைத் தகரத்துக்குக் கொண்டுபோனாள். முதலில் எல்லாம் உபயோகமான கேள்விகள். மோட்டர் அறைத் திறப்பு எங்கே? அரிசிப் பெட்டிக்குள். அப்பா பழைய பம்புக்கு எந்த எண்ணெய் விட்டவர்? பிறகு உபயோகமில்லாத கேள்விகள் வந்தன. சின்ன வயதில் ஊஞ்சல் கயிறு அறுந்தபோது அழுதது தானா, அப்பாவா? அப்பாதான் என்றார் அக்கா. அண்ணை வேறு பக்கம் பார்த்தார்.

சில வாரங்களில் நான் ஒன்றைக் கவனித்தேன். இருவரும் வராத நாட்களிலும் மகள் தகரத்தடியில் நின்றாள். பெரும்பாலும் சண்டைதான். அவளுடைய ஸ்கூட்டர் சத்தத்தில் தலையிடிக்கிறதாம். அவன் பலகையில் எழுதியிருப்பது திமிராம். ஒருநாள் ஸ்கூட்டரைத் தன் படலையடியில் விடச் சொன்னான். மறுநாள் அது பூனைபோல ஓடியது. மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தாள்.

"இனி நான் வாறது அவருக்குக் கேக்காது."

நான் அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனேன்.

அன்று பின்னேரம் அக்காவிடம் நேராகவே கேட்டேன். உங்கள் மகன் என் பிள்ளையை ஒழுங்காக வைத்திருப்பானா என்றேன். ஓம் என்று உடனே சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் யோசித்தார்.

"கோவக்காரன்," என்றார். "கடைசி வருசம் எனக்குக் கை தூக்கேலாது. சீப்பெடுத்துத் தலை இழுத்துவிட்டவன் அவன்தான். இழுக்கத் தெரியாது. சரியான நோ. ஒருநாளும் விடேல்லை."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர்களும் அவசரப்படுத்தவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், தகரம் கழன்று விழும் சத்தம் கேட்டது. அவன் பொட்டினூடாக வந்தான். குனிந்தது போதாமல் கம்பி நெற்றியில் கீறியிருந்தது. விறாந்தைக்கு வந்து, எனக்கு ஒரு தலையசைப்பு, பிறகு மகளைப் பார்த்தான்.

"அவை எங்கை இருக்கினம்?"

மகள் கதிரைகளைக் காட்டினாள். அவனுக்கு அவர்கள் தெரியவில்லை. வெறும் கதிரைகளுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"நான் வர வேண்டாம் எண்டது கலியாணக் கதைக்கு," என்றான். "சும்மா வந்திருக்கலாம்தானே."

அண்ணை அக்காவைப் பார்த்தார். அக்கா அண்ணையைப் பார்த்தார். அது இருவருக்கும் தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு அக்கா மகளிடம் மெல்ல ஏதோ சொன்னார்.

"சாப்பிடட்டாம்," என்றாள் மகள்.

அவன் என்னைப் பார்த்தான். சாப்பிட்டால் என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியும். மகள் என்னைப் பார்க்கவில்லை. அவன் நெற்றிக் கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டின் காயத்தைப் பார்க்கிற பார்வை அல்ல அது. எனக்கு அந்தப் பார்வை தெரியும்.

நான் உள்ளே போய்ச் சோறு போட்டேன். பருப்பும் கத்தரிக்காய்க் கறியும் வைத்து, சோற்றுக் கோப்பையைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தேன். அவன் விறாந்தை வாங்கில் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினான். இரண்டு வாய்க்குப் பிறகு நிமிர்ந்தான்.

"கறிக்கு உப்பில்லை, மாமி."

அதுவரை அவன் என்னை ரீச்சர் என்றுதான் சொல்லியிருந்தான். நான் குசினிக்குப் போய்ச் சட்டியில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு சரியாகவே இருந்தது.

திரும்பி வந்தபோது கதிரைகளில் ஒருவரும் இல்லை. மகள் அவன் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவை உங்களோடை சாப்பிட்டிட்டுப் போயிட்டினம்," என்றாள்.

அவன் கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். நான் உப்புப் போத்தலை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, மிச்சச் சோற்றைக் குழைத்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டான்.