முடிவு எங்கே என்று சிவப்பு மையில் எழுதினேன்

மாதவரத்தில் என் எதிர் வீட்டில் ரேஷ்மா என்றொரு பெண் இருக்கிறாள். ஏழாம் வகுப்பு. போன வாரம் தமிழ்ப் பயிற்சித்தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குறிப்புகளைக் கொண்டு கதை எழுத வேண்டுமாம். மீனவர், படகு, பலத்த காற்று, கரையில் குடும்பம். அவ்வளவுதான் குறிப்பு. முக்கால் பக்கம் எழுதிவிட்டுப் பேனாவைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"பெரியம்மா, இதுக்கு முடிவு இன்னா எழுதறது?"

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தி நின்றுவிட்டது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவள் கேட்டது சாதாரணக் கேள்விதான். பல வருஷங்களுக்கு முன் என் வகுப்பில் இருந்த ஒரு பெண்ணிடம் நானும் முடிவைத்தான் கேட்டேன். அதன் கதையை உங்களிடம் சொல்கிறேன். நேரில் என்றால் சொல்லியிருக்க மாட்டேன். எனக்குப் பேச வராது.

பேச வராதவள் எப்படி டீச்சர் ஆனாள் என்று நீங்கள் கேட்கலாம். முறைப்படி ஆகவில்லை. பிளஸ் டூவோடு என் படிப்பு முடிந்துவிட்டது. கல்மண்டபம் பக்கம் ஒரு மீனவர் சங்கத்தில் ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தினார்கள். கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் பட்டம் வாங்கியவர்கள் வந்தார்கள். தமிழ்தானே, யார் எடுத்தால் என்ன என்று எனக்குக் கொடுத்தார்கள். வண்ணாரப்பேட்டையில் எங்கள் அத்தாவின், அதாவது அப்பாவின், துணிக்கடைக்குப் பின்னால் வீடு. அங்கிருந்து தினமும் நடந்தே போவேன்.

கீழே மரத்தூளில் பொதிந்து வைத்த ஐஸை உடைக்கும் கடை, மேலே வகுப்பு. இன்றைக்கும் மீன் கடையில் ஈர மரத்தூள் வாசனை வந்தால் எனக்கு அந்த மாடிப்படிதான் ஞாபகம் வரும். கீழே மெஷின் ஓட ஆரம்பித்தால் ஒரு சொல்லும் கேட்காது. வாசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நின்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். மெஷின் நின்றதும் அதே எழுத்திலிருந்து வாசிப்பு தொடரும். என் குரல் மெஷின் ஓடாதபோதும் கேட்காது என்பதால் எல்லாவற்றையும் பலகையில் எழுதிப் போடுவேன். 'மியூட் டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

பத்தியைப் படித்து விடை எழுதச் சொன்னால் அவர்களுக்கு ஒரு வழி உண்டு. கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடுவது, அது இருக்கும் வரியை அப்படியே இறக்கி வைப்பது. நானும் அப்படித்தான் பாஸ் ஆனேன் என்பதால் கோபம் வரவில்லை. அந்த வழி பலிக்காதபடி புத்தகத்துப் பத்திகளை விட்டுவிட்டு நானே எழுத ஆரம்பித்தேன். ஐஸ் ஏற்றிய வண்டி சிக்னலில் நின்றது, வெயில் ஏறியது, டிரைவர் ஏன் கவலைப்பட்டார்? விடை பத்தியில் இருக்காது. முதல் நாள் எல்லோரும் தேடித் தேடிப் பார்த்தார்கள். கடைசியில் பவானி என்ற வாயாடிப் பெண் எழுந்தாள்.

"டீச்சர், வண்டில ஐஸ் உர்குது. அதான. ஆனா நீங்க அத எய்தவே இல்லியே."

"எழுதலைன்னா இல்லைன்னு அர்த்தமா?" என்று கேட்டேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வாக்கியம் அது. அதை நானே பின்னால் மறந்துபோனேன்.

வாசிப்பு கொஞ்சம் தேறியதும் கதை எழுத வைத்தேன். பலகையில் மூன்று பெட்டி வரைந்தேன். தொடக்கம், நடு, முடிவு. அந்த மூன்று பெட்டிகள் மேல் எனக்கு அவ்வளவு பெருமை. ஏதோ நானே கண்டுபிடித்ததுபோல. அந்த நேரத்தில் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரு கதைப் போட்டி வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் எங்கள் வகுப்பிலிருந்து ஒரு கதை அனுப்ப வேண்டும். 'என் வீட்டில் ஒரு நாள்' என்று தலைப்புக் கொடுத்தேன்.

நந்தினி பவானிக்குப் பக்கத்தில் உட்காருவாள். அவளும் என்னைப்போல அதிகம் பேச மாட்டாள். அதனாலேயே எனக்கு அவளைப் பிடிக்கும். அவள் எழுதியது இன்னும் எனக்கு மனப்பாடம்.

'அப்பா கடலுக்குக் கிளம்பினார். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. அம்மா பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் போனார். நான் அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டே பல் தேய்த்தேன். அப்பாவின் மீன்பிடி போட்டு துறைமுக வாயைத் தாண்டியது. பிறகு'

அவ்வளவுதான். 'பிறகு' என்பதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அரைப் பக்கம் காலி.

போட்டிக்கு இதுதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். ஆனால் மூன்றாவது பெட்டி காலியாக இருந்ததே. சிவப்புப் பேனாவால் 'முடிவு எங்கே?' என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டேன்.

பவானிதான் சொன்னாள். "டீச்சர், அவ நைனா போட்டு கடல்ல கீது. அது வந்தப்பறம் எய்துவா."

பின்னாலிருந்து ஒரு பையன், "அப்ப வர்லன்னா மார்க் கெடியாதா?" என்றான்.

பவானி திரும்பி அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள். "வாயக் கய்வுடா மொதல்ல." நான் அதைப் பிள்ளைகள் சண்டை என்று நினைத்தேன். சும்மா இருக்கச் சொல்லிப் பலகையில் எழுதினேன்.

வகுப்பு முடிந்ததும் நந்தினியை நிறுத்தி வைத்தேன். "கதைதானேம்மா. சும்மா எழுது" என்றேன்.

"சும்மா எய்தக் கூடாது டீச்சர்."

"ஏன்?"

அவள் படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். நான் இரண்டாம் முறை ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பேனாவைக் கொடுத்தேன். இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். 'அப்பா வந்துவிட்டார். கூடை நிறைய வஞ்சிரம் இருந்தது. அம்மா சிரித்தாள்.' இரண்டு டிக் போட்டு, 'நல்ல முடிவு' என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டில் நல்ல தாளில் பார்த்து எழுதிக்கொண்டு வரச் சொன்னேன்.

அவள் அப்பாவோடு கிளம்பிய போட்டுகள் எல்லாம் மறுநாள் வந்துவிட்டன. அவர் போட்டு மட்டும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. நந்தினியும் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாம் நாள் அவள் அம்மா படியேறி வந்தார். மீன் கூடையைக் கீழே ஐஸ் கடையில் வைத்துவிட்டு வந்திருந்தார். இடுப்பிலிருந்து நோட்டை எடுத்து என் முன்னால் விரித்தார்.

"இத இன்னா டீச்சர் எய்த வெச்சிக்கிற?"

நான் எழுந்து நின்றேன்.

"போட்டு கடல்ல கீறப்போ நாங்க அத வாயால சொல்ல மாட்டோம். வர்ற நாள சொல்ல மாட்டோம். இன்னா மீனு கொண்டாரும்னு சொல்ல மாட்டோம். நீ வந்துட்ச்சின்னே எய்த வெச்சிட்ட. அவ சோறு துண்ணாம, நான் எய்திட்டேன், நான் எய்திட்டேன்னு சொல்லிகினு கீறா."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்தப் பக்கத்தின் கீழ்ப் பாதியை, 'பிறகு' என்ற சொல்லுக்குக் கீழே, நிதானமாகக் கிழித்து முந்தானையில் முடிந்துகொண்டார். நோட்டை மேஜை மேலேயே விட்டுவிட்டார்.

"உனக்குத் தெர்ல. உன்னத் தப்பு சொல்லி இன்னா ஆவப் போவுது. எங்கொயந்திய வுட்டுடு."

கீழே மெஷின் ஓட ஆரம்பித்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க எனக்கு அது சாக்காகப் போயிற்று.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா எதிர்த்த கடையில் உப்பு வாங்கப் போவதாக இருந்தாலும் இன்ஷா அல்லாஹ், அதாவது அல்லாஹ் நாடினால், என்று சேர்க்காமல் சொல்ல மாட்டார். கேட்டுவிட்டு, "இன்ஷா அல்லாஹ்வாவது சேத்து எழுதச் சொல்லியிருக்கலாமேடி" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வராத நாளைப் பற்றி வந்ததுபோலப் பேசக் கூடாது என்பதை நான் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். நடக்கிற தூரத்தில் இருக்கும் தெருவில் அதையே வேறு மாதிரி சொல்வார்கள் என்று தோன்றவில்லை. அன்றைக்கு அம்மா தொழுகையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

நான்காம் நாள் நான் படியேறும்போது ஐஸ் கடைக்காரர் கூப்பிட்டார். "வந்துட்ச்சிம்மா. எஞ்சின் பூட்ச்சாம். இன்னொரு போட்டு கட்டி இஸ்துகினு வந்துட்டாங்க. எல்லாம் நல்லா கீறாங்க." நான் ஈரப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். புடவையெல்லாம் மரத்தூள்.

இதோடு சந்தோஷமாக முடித்துக்கொள்ளலாம் என்றுதான் எனக்கும் ஆசை. நந்தினி திரும்பி வரவில்லை. மன்னிப்புக் கேட்கலாம் என்று மூன்று தடவை அவர்கள் தெரு முனை வரைக்கும் போனேன். மூன்றாம் தடவை அவர்கள் வாசலில் அவள் எழுதிய அந்தச் செருப்பைப் பார்த்தேன். உள்ளே அவள் அப்பா யாரிடமோ பேசும் குரலும் கேட்டது. மனுஷர் வீட்டில் இருக்கிறார். போய் நிற்க வேண்டியதுதான். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். தொடக்கமே வரவில்லை. திரும்பிவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்துப் பவானி சொன்னாள். "இஸ்கூல்ல அவ கட்டுரன்னா எய்துறா டீச்சர். கதைன்னா வெறும் பேப்பர குட்த்துடறா. மிஸ் அடிச்சாக்கூட எய்தல." போட்டிக்கு நான் எந்தக் கதையும் அனுப்பவில்லை. பலகையில் மூன்றாவது பெட்டியை அப்புறம் வரையவும் இல்லை. ஆனால் அதனால் அவளுக்கு என்ன?

அடுத்த வருஷம் கடல் உள்ளே வந்து அவர்கள் வரிசை வீடுகளை எடுத்துக்கொண்டது. எண்ணூர்ப் பக்கம் வீடு கொடுத்தார்கள் என்றும், இல்லை, திருவொற்றியூரில் சொந்தக்காரர்களோடு இருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். ஐஸ் கடை போய் அந்த இடத்தில் செல்போன் கடை வந்துவிட்டது. மாடிப்படியை இடித்துவிட்டார்கள். அத்தாவின் கடையும் அம்மாவும் இல்லை. வண்ணாரப்பேட்டையிலிருந்து இங்கே வந்தபோது அந்தப் பாதிப் பக்க நோட்டை எந்த மூட்டையில் வைத்தேனோ, எங்கே தேடியும் அகப்படவில்லை.

ரேஷ்மா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவள் அப்பா லாரி ஓட்டுகிறார். அதற்கு முந்தின வாரம் நாக்பூருக்குக் கிளம்பியவர், அன்றைக்கு வரை வந்திருக்கவில்லை.

"முடிவு எழுதலைன்னா மார்க் கொறைப்பாங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டு மார்க் கொறைப்பாங்க."

"கொறைக்கட்டும். அப்பா வந்ததும் எழுதிக்கலாம், இன்ஷா அல்லாஹ்."

"இது என் அப்பா கத இல்ல பெரியம்மா. படகு கத" என்று சிரித்தாள். பேனாவை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவர்கள் வாசலில் அவள் அப்பா விட்டுவிட்டுப் போன பெரிய செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. அதைத் தாண்டி உள்ளே போனாள்.