முத்தின் அடியில் சிவப்பு

படத்தில் இருக்கும் அந்த லட்சுமியின் கழுத்தில் கிடக்கும் முத்துமாலையைச் சட்டென்று பார்த்தால், முத்துகளின் அடிப்பக்கம் அழுக்குப் பட்டதுபோலத் தெரியும். கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால்தான் அது அழுக்கில்லை, சிவப்பு என்று புரியும். போன வாரம் ஒருவர் அந்தப் படத்தைக் கொண்டுவந்து என் வீட்டுச் சுவரில் சாய்த்து வைத்தார். தூத்துக்குடியில் பெரிய உப்பளம் வைத்திருந்த அண்ணாச்சியின் பேரன் அவர். மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது. பட்டணத்தில் ஒருவருக்குப் படத்தை விற்கப் பேசி முடித்தாயிற்றாம், என்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டுமாம். அவர் என்ன கேட்க வந்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன். எனக்கு அந்தச் சிவப்பைப் பார்த்ததுமே டிராயிங் டீச்சர் ஞாபகம் வந்துவிட்டது.

நாற்பதுகளில், உலகச் சண்டை முடிந்த சமயம், நாங்கள் இருவரும் தூத்துக்குடியில் ஒரே பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். நான் தையல், அவள் டிராயிங். கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில் ஒன்றாகக் குடியிருந்தோம். ஒரே வயது என்பதால் ‘ஏளா’ என்றுதான் பேசிக்கொள்வோம். அவளுடைய அப்பா முத்து வியாபாரி ஒருவரிடம் முத்துத் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தவர். அவர் இறந்த பிறகு, இந்த வேலைக்கு வருமுன், மதுரையில் அத்தை வீட்டில் போய் இருந்தாள். அடுத்த வீடுதான் அந்தப் பெரிய காலண்டர் ஓவியரின் பட்டறை. அவர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கு அவர் வரைந்த சாமி மாட்டாத கடையே கிடையாது. இவளுக்குக் கை ஓடுவதைப் பார்த்து அவரே கூப்பிட்டு வைத்துக்கொண்டார். முகம் அவர் வரைவார். நகை, சேலை மடிப்பு, தாமரை எல்லாம் சீடர்கள், அவர் போட்டுக் காட்டியபடியே போடுவார்கள். கடைசியில் கையெழுத்து அவருடையது. அதில் யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை, இவளுக்கும்தான்.

அவர் காலமான பிறகு, அவருடைய அசல் படங்கள் என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் ஊர் ஊராக வந்தார்கள். உப்பு அண்ணாச்சி புது ஆபீஸ் கட்டி, அதன் முகப்பில் மாட்டுவதற்காக ஒரு பெரிய லட்சுமி படத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பிறகுதான் சந்தேகம் வந்தது அவருக்கு. பட்டறையில் இருந்தவள் ஆயிற்றே என்று டிராயிங் டீச்சரை வரச் சொல்லி ஆள் விட்டார். அவர் எங்கள் பள்ளிக்கூடக் கமிட்டியில் இருந்தார். அங்கே அவர் சொன்னதுதான் சட்டம்.

அவள் முதல் தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தபோது முகமே சரியில்லை. அடுப்படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

“ஏளா, அது நான் வரைஞ்ச படம்” என்றாள். “அவருக்குக் கண்ணுல புரை விழுந்திருந்த சமயம். முகத்துலேருந்து தாமரை வரைக்கும் முழுசும் நாந்தான். கையெழுத்து மட்டும் அவரு போட்டாரு.”

“பேசாம, ஆமா அவரு படந்தான்னு சொல்லிட்டு வா. கையெழுத்துதான் நெசமா இருக்கே. அண்ணாச்சியைப் பகைச்சுக்கிட்டு இந்த ஊருல இருக்க முடியுமாளா?” என்றேன்.

“மத்த படத்துல நகை மட்டும் போட்டேன். அதுல அவரு பேரு இருக்கது நியாயம். இது அப்படி இல்ல. என்னையவே கூப்பிட்டு வச்சு இது யாரு வரைஞ்சதுன்னு கேக்காவ. இப்பவும் சொல்லலேன்னா, பெறகு நான் எப்பம்ளா சொல்ல?”

மறுநாள் நானும் கூடப் போனேன். அவளைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. அண்ணாச்சி அவள் சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தார். “என்ன டீச்சர் சொல்லுதீய! ஊரு ஒலகமே கும்பிடுத படம், ஒரு பொம்பளப் பிள்ள வரைஞ்சதுன்னா யாரு நம்புவா?”

அவள் சுவரில் தொங்கிய ஓவியருடைய பழைய காலண்டர்கள் இரண்டைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அண்ணாச்சியின் மனைவியிடம், “அக்கா, ஒங்க முத்துமாலையைக் கொஞ்சம் போட்டுக்கிட்டு வாரீயளா?” என்றாள். அந்த அம்மாள் அன்று சிவப்புப் பட்டு கட்டியிருந்தார். மாலையோடு வந்தவரை ஜன்னல் வெளிச்சத்தில் நிற்க வைத்தாள்.

“முத்தோட அடியில பாருங்க அண்ணாச்சி. சேலைச் சிவப்பு ஏறியிருக்கா? நல்ல முத்து கீழ என்ன இருக்கோ அதோட நிறத்தை வாங்கிக்கிடும். எங்க அப்பா சிவப்புத் துணியில முத்தை விரிச்சு வச்சிருக்கும்போது நாள் பூரா பார்த்துக்கிட்டே இருப்பேன். ஓவியரு நாடகக் கம்பெனி பாசிமணியைப் பார்த்து வரைஞ்சவரு. அவரு முத்து எல்லாம் வெள்ளை உருண்டை, நடுவுல ஒரு பொட்டு; மத்த படத்துல நாங்களும் அப்படித்தான் போடணும். இந்தக் காலண்டரைப் பாருங்க. இப்பம் படத்தைப் பாருங்க, லட்சுமியோட சேலைச் சிவப்பு முத்துல ஏறியிருக்கு.”

அண்ணாச்சி மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது முகம் சுருங்கியதிலேயே தெரிந்தது. “அப்பம் இது ஒரிஜினல் இல்ல. வித்தவன்கிட்டயே திருப்பி அனுப்பிருதேன்” என்றார்.

அவர் மனைவி பதறிப்போனார். “வீட்டுக்குள்ள வந்த லட்சுமியை வெளிய அனுப்புவியளா? நாளைக்கு மழை பெஞ்சு உப்பெல்லாம் கரைஞ்சா யாரு பதில் சொல்ல?”

உப்புக்காரருக்கு இதைவிடப் பெரிய பயம் உண்டா? குரலைத் தணித்துக்கொண்டார். “சரி, படம் இருக்கட்டும். அவரு பேரோட இருக்கட்டும். நீங்க வெளிய சொல்லாதீய டீச்சர்.”

“எம் பேரையும் எழுதணும் அண்ணாச்சி.”

“பள்ளிக்கூடத்துல வேலை பாக்கணும்லா?”

“பாக்கணும்தான். டிராயிங் டீச்சராப் பாக்கணும்.”

அந்த அம்மாள் இடையில் புகுந்து, “எழுதும்மா. ஆபீஸுக்கு வேண்டாம்னா எம் பூசை ரூமுல இருந்துட்டுப் போவுது” என்றார். உடனே டீச்சர் பையைத் திறந்தாள். உள்ளே தூரிகையும் வண்ணமும் தயாராக இருந்தன. வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வைத்திருக்கிறாள் கள்ளி! ஓவியரின் கையெழுத்தை அவள் தொடவில்லை. “தூரிகையைக் கையில குடுத்தவரு அவருல்லா” என்று சொல்லி, அதற்குக் கீழே தன் பெயரைத் தமிழில் முழுதாக எழுதினாள்.

அண்ணாச்சி அதன்பிறகு கமிட்டிக் கூட்டங்களில் அவளை முறைத்துக்கொண்டே இருந்தார். ஆனால் வேலையில் கை வைக்கவில்லை. பூசை அறையிலிருந்து உத்தரவு வந்திருக்கும் என்று நாங்கள் சிரித்துக்கொள்வோம். அவள் வேறு படம் பெரிதாக எதுவும் வரையவில்லை. பிள்ளைகளுக்கு மாம்பழமும் செம்பும் வரையச் சொல்லிக் கொடுத்தே ஓய்வு பெற்றாள். அவள் போய்ச் சேர்ந்தும் பல வருடங்களாகிவிட்டன. இன்னும் அவள் குரலை என் காது தேடுகிறது.

பேரன் கேட்க வந்தது இதுதான். ஓவியரின் கையெழுத்து அசல் என்று வாங்குகிறவர் ஒப்புக்கொண்டாராம். கீழே இருக்கும் இன்னொரு பெயர்தான் இடைஞ்சலாம். துடைத்து எடுப்பதற்கு ஒரு குப்பி எண்ணெயும் பஞ்சும் கொடுத்தனுப்பியிருக்கிறார். “யாரோ சின்னப் பிள்ளை கிறுக்கினதுன்னு நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தாப் போதும் ஆச்சி. அந்தக் காலத்து ஆளு நீங்க ஒருத்தருதான் இருக்கீய” என்றார்.

“அந்தக் குப்பியைக் கொடுங்க” என்றேன். துடைக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்து நீட்டினார். வாங்கி, முற்றத்து மண்ணில் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தேன். பிறகு காகிதம் எடுத்து, இந்தப் படத்தை வரைந்தவள் இவள்தான், அவள் தன் பெயரை எழுதும்போது நான் பக்கத்தில் நின்றேன் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

பிறகு அவர் தோளைப் பிடித்துக் குனிய வைத்து, முத்தின் அடியில் இருக்கும் சிவப்பைக் காட்டினேன்.